மதரஸாவும் பல்கலைக் கழக வாசலும்

மார்க்கக் கல்வி பயின்ற பிள்ளை ஒன்று பல்கலைக் கழகத்தின் வாசலில் வந்து நிற்கிறது. மற்றப் பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகளிடம் கேட்கும் அதே விஞ்ஞானத் தேர்ச்சியை இந்தப் பிள்ளையிடமும் கேட்பது நியாயமா? குர்ஆனை ஓதி, அரபு மொழி கற்று, ஃபிக்ஹும் ஹதீதும் படித்த பத்தாண்டு உழைப்புக்கு அங்கே மதிப்பு இல்லையா? ஜும்ஆத் தொழுகை முடிந்து டன்லப் ஸ்திரீட்டில் நம்மவர்கள் கூடி நின்று பேசும் வேளைகளில் இந்தக் கேள்வி அடிக்கடி நம் காதில் விழுகிறது. சிலர் கோபத்தோடு கேட்கிறார்கள். சிலர் மனவருத்தத்தோடு கேட்கிறார்கள். வேறு சிலரோ, "பல்கலைக் கழகம் கேட்பதைக் கொடுக்க முடியாவிட்டால் மதரஸாதான் எதற்கு?" என்று மறுபக்கத்திலிருந்து வினவுகிறார்கள்.

இரு சாராருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இது வெறும் பரீட்சை விவகாரம் அல்ல. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம், அந்தப் பிள்ளையின் கைகளை நம்பி நாளை வரப்போகும் அந்நியருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்ற நீதிப் பிரச்சினை இது.

இந்நாட்டு நிலைமை

முதலில் நிலைமையைச் சற்று விளக்குவோம். சிங்கப்பூரில் முழுநேர மதரஸாக்கள் ஆறு இருக்கின்றன. அல்சகாஃப் மதரஸா 1912-ஆம் ஆண்டிலும், அல்ஜுனைட் மதரஸா 1927-லும், வாக் தஞ்சோங் மதரஸா 1958-லும் தோன்றியவை. அல்-மஆரிஃப், அல்-அரபிய்யா, அல்-இர்ஷாத் ஆகியவை மற்ற மூன்று. இவை அரசாங்கப் பள்ளிகள் அல்ல. சமூகத்தின் நன்கொடையாலும் பெற்றோர் கட்டும் சம்பளத்தாலும் நடந்து வருபவை.

2000-ஆம் ஆண்டில் கட்டாயக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டு, 2003-ல் நடைமுறைக்கு வந்தது. அப்பொழுது மதரஸாக்களின் கதி என்னவாகும் என்று சமூகம் கலங்கியது உண்மை. முடிவில் மதரஸா மாணாக்கருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. அவர்களும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுத வேண்டும். ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றில் மதரஸா ஒரு குறித்த தரத்தை எட்டினால்தான் தொடர்ந்து முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். 2008 முதல் இந்த அளவுகோல் நடப்பில் இருந்து வருகிறது.

அதற்கு மேலும் படிகள் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயில விரும்பும் பிள்ளை உயர்நிலைத் தேர்ச்சியில் ரசாயனமும், அதனுடன் உயிர்நூல் அல்லது பௌதிகமும் படித்திருக்க வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. விண்ணப்பித்தவர் மதரஸாவிலிருந்து வந்தவரா, கான்வென்டிலிருந்து வந்தவரா என்பதால் அந்த விதி மாறியதில்லை.

படிக்கல் ஒன்றுதான்

தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போகிறோம். கடைக்காரர் நம் ஊர்க்காரர், நம் மார்க்கத்தவர், ஐவேளை தொழுபவர். அதற்காக அவருடைய தராசில் முக்கால் கிலோவை ஒரு கிலோ என்று ஏற்றுக் கொள்வோமா? அளவையில் மோசம் செய்வோரை நம் மறை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை அறியாதவர் நம்மில் யாரும் இல்லை. அந்தக் கண்டிப்பு மீனுக்கும் அரிசிக்கும் மட்டும் உரியதா? ஒரு மருத்துவரின் தகுதியும், ஒரு பொறியாளரின் தகுதியும் அளவைதானே?

பல்கலைக் கழகத்தின் அளவுகோல் வாசலில் நிற்கும் பிள்ளைக்கும் வாசற்காவலருக்கும் இடையே உள்ள விவகாரம் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். உண்மையில் அங்கே மூன்றாமவர் ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பிள்ளையின் முன்னால் நோயாளியாகப் படுக்கப் போகிறவர் அவர். அந்தப் பிள்ளை கணக்கிட்டுக் கட்டிய பாலத்தின் மேல் நடக்கப் போகிறவர் அவர். அவருக்குக் குரல் இல்லை, வாக்கும் இல்லை. அவருடைய உரிமையைக் காப்பதற்கு அந்த அளவுகோல் ஒன்றுதான் உண்டு. நம் பிள்ளை என்ற பாசத்தால் அதைக் குறைக்கும்படி நாம் கேட்போமானால், முகமறியாத அந்த மனிதரின் பங்கிலிருந்து எடுத்து நம் பிள்ளைக்குக் கொடுக்கும்படி கேட்கிறோம் என்றே பொருள்.

ஆனால் படிக்கல் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அது சரியான படிக்கல்லாகவும் இருக்க வேண்டும். அளவுகோல் பிள்ளை கற்றதை அளக்க வேண்டுமேயன்றி, பிள்ளையின் நம்பிக்கையை அளக்கக் கூடாது. இந்த வேற்றுமையை விளக்கும் ஒரு வழக்கு அமெரிக்காவில் நடந்தது.

2005-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் கிறிஸ்தவப் பள்ளிகளின் சங்கம் ஒன்றும், முரியெட்டா நகரத்துப் பள்ளி ஒன்றும், மாணவர் சிலரும் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். அந்தப் பள்ளிகளில் நடந்த சில பாடங்களை, உயிர்நூல் பாடம் உட்பட, சேர்க்கைக்குத் தகுந்த பாடங்களாகப் பல்கலைக் கழகம் ஏற்க மறுத்துவிட்டது. தங்கள் மதத்தைப் பகைப்பதாலேயே மறுக்கிறார்கள் என்பது பள்ளிகளின் வாதம். சமயக் கருத்தைச் சேர்த்துச் சொல்வது தடையல்ல, பல்கலைக் கழகத்தில் தொடர்ந்து படிக்கத் தேவையான அறிவு அந்தப் பாடத்தில் குறைவாக இருக்கிறது என்பதே தடை, என்பது பல்கலைக் கழகத்தின் பதில். 2008-ல் நீதிமன்றம் பல்கலைக் கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கில் வெளிப்பட்ட இரண்டு விஷயங்களை நாம் குறித்துக் கொள்ள வேண்டும். சமயப் பள்ளிகள் நடத்திய வேறு பல பாடங்களை அதே பல்கலைக் கழகம் ஏற்றுக் கொண்டிருந்தது. பாடம் ஏற்கப்படாத பள்ளியின் மாணவரும் பொதுப் பரீட்சையில் போதிய மதிப்பெண் பெற்றுத் தம் தகுதியைக் காட்டி உள்ளே வர வழி இருந்தது.

நாம் பல்கலைக் கழகங்களிடம் கோர வேண்டிய நியாயமும் இதுவேதான். உங்கள் அளவுகோலைக் குறைக்க வேண்டாம். ஆனால் அது அறிவை மட்டும் அளக்கட்டும். எந்தப் பாதையால் வந்தாலும் அந்த அறிவைக் காட்டுகின்ற பிள்ளைக்கு ஒரு வாசல் திறந்திருக்கட்டும்.

விஞ்ஞானம் மார்க்கத்துக்கு அந்நியமா?

இனி நம் வீட்டுக்குள் திரும்புவோம். "பரீட்சைக்காக விஞ்ஞானம் படிக்கிறோம், மற்றபடி மதரஸாவுக்கு அது எதற்கு?" என்று சொல்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விஞ்ஞானம் என்பது எல்லையில் கட்டும் சுங்க வரி போன்றது. வேறு வழியில்லாமல் கட்டுகிறார்கள், கட்டியதும் மறந்துவிடுகிறார்கள்.

டன்லப் ஸ்திரீட்டில் இருக்கும் அப்துல் கபூர் மஸ்ஜிதின் வாசலை அண்ணாந்து பாருங்கள். அங்கே ஒரு சூரியன் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் கதிர்கள் இருபத்தைந்து. கதிருக்கு ஒன்றாக இருபத்தைந்து நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மஸ்ஜித் வாசலில் சூரியனுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. ஏனெனில் நம் ஐவேளைத் தொழுகையின் நேரங்களும் சூரியனைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. டமாஸ்கஸ் நகரத்து உமய்யா மஸ்ஜிதில் நேரம் குறிக்கும் பணி செய்து வந்த இப்னு ஷாத்திர் என்பவர் 1371-ஆம் ஆண்டில் அதன் மினாராவுக்காக ஒரு சூரியக் கடிகாரம் செய்தார். அவர் வகுத்த சந்திரக் கணிதம், பிற்காலத்தில் ஐரோப்பாவில் கோப்பர்நிக்கஸ் தந்த கணிதத்தோடு ஒத்திருப்பதைக் கண்டு ஆராய்ச்சியாளர்கள் வியந்தார்கள். அவர் வேலை பார்த்த இடம் மஸ்ஜித். செய்த வேலை வானநூல். இரண்டும் வேறென்று அவர் கருதியதாகத் தெரியவில்லை.

கிப்லாவை எடுத்துக் கொள்வோம். மக்கா மேற்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு நேர் மேற்கில் நின்றால் சரியாகிவிடாது. சிங்கப்பூரிலிருந்து கிப்லா, வடக்கிலிருந்து வலமாக ஏறக்குறைய 293 பாகையில் இருக்கிறது. அதாவது மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க உருண்டையான பூமியின் கணிதம் வேண்டும். ரமலான் பிறையும் அப்படித்தான். புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளும் கூடி வகுத்த விதிப்படி, 2022 முதல் பிறை அடிவானத்துக்கு மேல் 3 பாகை உயரத்திலாவது இருக்க வேண்டும், சூரியனிலிருந்து 6.4 பாகையாவது விலகியிருக்க வேண்டும். முன்னிருந்த விதியில் உயரம் 2 பாகை, விலகல் 3 பாகை. மாற்றியவர்கள் மார்க்க அறிஞர்கள். மாற்றத்திற்கு ஆதாரம் தந்தது வானநூல்.

வாரிசுச் சொத்தைப் பிரிப்பதும் கணிதமே. ஒருவர் மனைவியையும், இரு பெண்மக்களையும், தாய் தந்தையரையும் விட்டு இறந்து போகிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று, பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு ஆறில் ஒன்று, தந்தைக்கு ஆறில் ஒன்று. இவற்றைக் கூட்டினால் இருபத்துநாலில் இருபத்தேழு வருகிறது; சொத்தைவிடப் பங்கு அதிகமாகிவிடுகிறது! ஹஸ்ரத் அலி ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் மிம்பரில் நின்றபடியே இதற்கு விடை சொன்னதாக ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன: சொத்தை இருபத்தேழு பங்காக்க வேண்டும், மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகும். பின்னம் தெரியாத ஆலிம் இந்தக் குடும்பத்துக்கு நீதி செய்ய முடியுமா?

இன்னும் கனமான உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1973-ல் சிறுநீரகத்தைத் தானம் செய்வது கூடாது என்று இங்கே ஃபத்வா அளிக்கப்பட்டது. அந்தச் சிகிச்சை இந்நாட்டுக்கு வந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1986-ல் அவசியத்தை முன்னிட்டு அது கூடும் என்று புதிய ஃபத்வா வந்தது. 1987-ல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டபோது முஸ்லிம்கள் அதற்கு வெளியே வைக்கப்பட்டார்கள். 2007-ல் முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வாக் குழு அந்தச் சட்டத்துக்குள் வருவது கூடும் என்று தீர்ப்புரைத்தது. 2008 ஆகஸ்ட் முதல் முஸ்லிம்களும் அதனுள் வந்தார்கள். 1973-க்கும் 2008-க்கும் இடையில் முப்பத்தைந்து ஆண்டுகள். மறை மாறவில்லை, நபிமொழி மாறவில்லை. மூளை செயலிழப்பது என்றால் என்ன, தானம் பெற்றவர் எத்தனை காலம் வாழ்கிறார், தானம் செய்தவருக்கு என்ன தீங்கு என்பவற்றுக்கெல்லாம் மருத்துவம் தரும் பதில்களை எடைபோட்டுப் பார்க்காமல் எந்த முஃப்தியும் இதில் வாய் திறக்க முடியாது.

இப்படிப்பட்ட கேள்விகள் நின்றபாடில்லை. லிட்டில் இந்தியாவை ஒட்டியிருக்கும் கே.கே. மருத்துவமனையில் 2017-ல் தாய்ப்பால் வங்கி தொடங்கியபோது, பால்குடி உறவு என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. குறைமாதக் குழந்தைகள் அந்தப் பாலைப் பெறலாம் என்று முயிஸ் அறிவித்தது. 2020 டிசம்பரில் கோவிட் தடுப்பூசி பற்றியும், 2024-ல் உயிரணுவிலிருந்து வளர்த்த இறைச்சி பற்றியும் ஃபத்வா தர வேண்டியதாயிற்று. நாளை இன்னொன்று வரும். உயிரணு என்றால் என்னவென்று அறியாத ஆலிம் அப்போது மருத்துவர் சொன்னதை அப்படியே ஒப்புவிப்பவராக இருப்பார். அல்லது எதையும் கேளாமல் மறுப்பவராக இருப்பார். இரண்டும் சமூகத்துக்கு நல்லதல்ல.

ஆகவே நாம் சொல்கிறோம்: மருத்துவக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு மட்டுமல்ல, அல்-அஸ்ஹருக்குப் போகும் பிள்ளைக்கும் விஞ்ஞானம் வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் தோன்றிய அந்த அல்-அஸ்ஹரே 1961-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தன்னிடத்தில் இடமளித்தது. அதற்கும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா'வில் மருத்துவத்தையும் கணிதத்தையும் ஃபர்ளு கிஃபாயா என்று வகுத்தார். அதாவது, சமூகத்தில் போதுமானவர் அதைச் செய்தால் மற்றவர் கடமை நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் எல்லாரும் குற்றவாளிகள்.

மறைப்பதும் பெருமை பேசுவதும்

விஞ்ஞானத்தைக் கற்பிக்கும் விதத்தில் இரண்டு பிழைகள் நேர்கின்றன. ஒன்று மறைப்பது. உயிர்களின் பரிணாமம் போன்ற பாடம் வரும்போது பக்கத்தைத் தள்ளிவிடுவது, அல்லது கேலி செய்து முடிப்பது. மற்றொன்று பெருமை பேசுவது. விஞ்ஞானிகள் கண்டதெல்லாம் நம் வேதத்தில் முன்பே இருக்கிறது என்று மேடையில் முழங்கிவிட்டு, அவர்கள் அதைக் கண்ட வழியை மாணாக்கருக்குச் சொல்லாமல் விடுவது. முதலாவது பிள்ளையின் அறிவை ஏமாற்றுகிறது. இரண்டாவது பிள்ளையின் நம்பிக்கையையே ஆட்டங்காணச் செய்கிறது. இன்றைய கொள்கை ஒன்றோடு வேதத்தை முடிச்சுப் போட்டுவிட்டால், நாளை அந்தக் கொள்கை திருத்தப்படும்போது பிள்ளை என்ன நினைக்கும்?

நேர்மையான வழி ஒன்று உண்டு. விஞ்ஞான வகுப்பில், விஞ்ஞானிகள் என்ன சொல்கிறார்கள், எந்தச் சான்றைக் கொண்டு சொல்கிறார்கள் என்பதைக் குறைக்காமல், திரிக்காமல் கற்பிக்க வேண்டும். அகீதா வகுப்பில், நம் உலமாக்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள், எங்கே ஒப்புகிறார்கள், எங்கே வேறுபடுகிறார்கள் என்பதை அதே நேர்மையோடு கற்பிக்க வேண்டும். ஒன்றைப் புரிந்து கொள்வது வேறு. அதை நம்புவது வேறு. புரிந்து கொள்ளாமல் மறுப்பவனை யாரும் மதிப்பதில்லை. எதிர்வாதத்தை எதிரி தானே சொல்வதைவிடத் தெளிவாக எடுத்துரைத்து, பிறகே பதில் தருவது நம் பழைய அறிஞர்களின் வழக்கம் அன்றோ?

சமய நிறுவனத்தில் தரமான விஞ்ஞானம் இயலாது என்பார்க்கும் ஒரு சொல். இராமேஸ்வரத்தில் தொழுகை நடத்தி வந்த ஒரு தந்தையின் மகன், திருச்சியில் ஏசு சபைப் பாதிரிமார் நடத்திய செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்து 1954-ல் பட்டம் பெற்றார். அவரே டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். கிறிஸ்தவக் கல்லூரியில் கற்ற பௌதிகம் கிறிஸ்தவப் பௌதிகமாக இருக்கவில்லை, பௌதிகமாகவே இருந்தது. அதனால்தான் அது அவருக்குப் பயன்பட்டது.

நம் சொந்த அனுபவம்

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இதில் ஓர் அனுபவ பாடமும் இருக்கிறது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ல் தஞ்சோங் பகாரில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1960-ல் அது தமிழ் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. உழைத்துப் பிழைக்க வந்த மக்கள் தம் பிள்ளைகளுக்காகவும் பிறர் பிள்ளைகளுக்காகவும் எழுப்பிய அந்தப் பள்ளியை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் 1982-ல் அது மூடப்பட்டது. ஆசிரியரிடம் ஆர்வம் குறைந்ததா? சமூகத்திடம் பற்று குறைந்ததா? இல்லை. சீன மொழியில் படித்தவருக்கு 1956 முதல் நன்யாங் பல்கலைக் கழகமாவது இருந்தது. தமிழில் உயர்நிலைக் கல்வி முடித்த பிள்ளைக்கு இந்நாட்டில் தமிழ்வழிப் பல்கலைக் கழகம் இல்லை. உத்தியோகமோ ஆங்கிலத்தைக் கேட்டது. பாதை நடுவில் நின்று போகும் பள்ளிக்குப் பெற்றோர் எத்தனை காலம் பிள்ளையை அனுப்புவார்கள்? அன்பும் தியாகமும் கட்டடத்தை எழுப்பும்; மேலே போக வழியில்லாத வகுப்பறையில் பிள்ளைகளை இருத்தி வைக்க அவற்றால் ஆகாது.

மதரஸாவுக்கு அந்தக் கதி நேரக் கூடாது என்று விரும்புபவர்தாம் விஞ்ஞானத் தரத்தை அதிகமாக வற்புறுத்த வேண்டும்.

யாருக்கு என்ன கடமை?

அளவுகோலைக் காட்டுபவருக்கும் கடமை உண்டு. சாதனம் கொடாமல் தரம் கேட்பது அநீதி. மதரஸாப் பிள்ளை மற்றப் பிள்ளைகள் படிக்கும் பாடங்களோடு மார்க்கப் பாடங்களையும் சேர்த்துச் சுமக்கிறது. நாளுக்கு இருபத்துநாலு மணி நேரந்தான் அதற்கும் உண்டு. நல்ல ஆய்வுக்கூடமும் தேர்ந்த ஆசிரியரும் இல்லாமல் புத்தகத்தை மட்டும் மனனம் செய்த பிள்ளையைப் பார்த்து, "நீ தரத்தை எட்டவில்லை" என்று சொன்னால், எட்டாதது பிள்ளையா, நாமா?

2013-ல் எடுசேவ் உதவியை மதரஸாப் பிள்ளைகளுக்கும் விரிவாக்குவதாகவும், 2015-ல் மதரஸாக்களில் கணிதம், விஞ்ஞானம் முதலியவற்றின் போதனையை உயர்த்த உதவுவதாகவும் அரசாங்கம் அறிவித்தது. நல்லதே. ஆனால் பெரும் பொறுப்பு சமூகத்தினுடையது. மஸ்ஜிதுக்குக் கம்பளம் வாங்கக் கேட்டால் நம் கை தாராளமாக நீள்கிறது. மதரஸாவுக்கு நுண்ணோக்கி வாங்கக் கேட்டால் அதே கை ஏன் தயங்குகிறது? விஞ்ஞானப் பட்டம் பெற்ற நம் இளைஞர்களும் யுவதிகளும் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை மதரஸாப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். மஸ்ஜித்களில் தமிழில் நடக்கும் வார இறுதி வகுப்புகளிலும், பிறையைப் பற்றிய பாடம் வரும்போது உஸ்தாத் ஓர் உருண்டையையும் விளக்கையும் வைத்துக் காட்டட்டும். அதற்குச் செலவு அதிகமில்லை.

பெற்றோரே, பிள்ளையை மதரஸாவில் சேர்க்கும் நாளில் ஹிஃப்ளு வகுப்பு எப்படி என்று விசாரிப்பதைப் போல விஞ்ஞான வகுப்பு எப்படி என்றும் விசாரியுங்கள். ஆசிரியப் பெருமக்களே, பிள்ளை கேட்கும் கடினமான கேள்வியை அடக்கிவிடாதீர்கள். உங்கள் முன்னால் கேட்க முடியாத கேள்வியை அது வேறெங்கோ போய்க் கேட்கும். பல்கலைக் கழகத்தாரே, உங்கள் தராசை நேராகப் பிடியுங்கள். அதற்கு மேல் சலுகை எதுவும் எங்களுக்கு வேண்டாம்.

பிள்ளை ஓர் அமானத். அந்த அமானத்தைப் பற்றி மறுமையில் நாம் விசாரிக்கப்படும்போது, "மார்க்கத்தைக் கொடுத்தோம், அதனால் மற்றதைக் கொடுக்கவில்லை" என்பதும் பதிலாகாது. "உலகத்தைக் கொடுத்தோம், அதனால் மார்க்கத்தைக் கொடுக்கவில்லை" என்பதும் பதிலாகாது. இரண்டையும் குறையில்லாத அளவில் கொடுக்கும் வலிமையையும் மனத்தையும் வல்ல நாயன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.